நான் நிறுத்திய ஓட்டம்

ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. விடியற்காலையில் பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்களின் ஓரமாகப் பளீரென்ற பச்சை பனியனோடு கும்பலாக ஓடிப்போகிறவர்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அரை மணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே மூச்சில் நூறு மைல் ஓடுகிறவர்களோடுதான் சண்டை. அப்படி ஒருவரோடு நான் குடித்தனம் நடத்துகிறேன்.

என் கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். அவருடைய அப்பாவும் அதே வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அதனால் இவர் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி நாங்கள் குடியிருப்பதும் குவார்ட்டர்ஸில்தான், பிளாக் மட்டும் வேறு. நான் அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்காரி. எங்கள் வீட்டு நிலத்தில் இப்போது தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் வேலை. ஒரே மகள், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

எல்லாம் சர்க்கரையில்தான் ஆரம்பித்தது. தொழிற்சாலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் எல்லையில் இருக்கிறது, நடங்கள் என்றார்கள். இவர் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றி நடந்தார். நடந்தவர் ஓடினார். தொப்பை போனது, சர்க்கரையும் இறங்கியது. அத்தோடு விட்டிருந்தால் நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். மைதானத்தில் யாரோ பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக ஓடுகிறீர்களே, எங்கள் குழுவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் குழுவை நடத்துகிறவர் நசரத்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்துவிட்டு, அதை விட்டுவிட்டு, மற்றவர்களை ஓடவைப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். எல்லாரும் அவரைக் கோச் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது நான் கொடுத்த காபியில் சர்க்கரை இருக்கிறது என்று தொடவில்லை. வலி என்பது மூளை சொல்லும் பொய் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி எடுத்துப் பிள்ளை பெற்றவள் நான். அடுக்களையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் கணவருக்குச் சாதாரண மாரத்தான் போதவில்லை. சாப்பிடும்போது போனைத் தட்டுக்கு எதிரே நிறுத்திவைத்து, உலகத்திலேயே கடினமான ஓட்டங்களைப் பார்ப்பார். முதுகில் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் முழுக்க மணலில் ஓடுகிறவர்கள். சுற்றிலும் வழி தெரியாத முள்காட்டு மலையில் ஓடி, பல வருடங்களுக்கு ஒருவர்கூட முடிக்காத ஓட்டம். ரோட்டுத் தார் உருகுகிற வெயிலில் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு ஏறும் ஓட்டம். ஊருக்குள்ளே ஒரே தெருவை மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒன்றுகூட உண்டு. அதையெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலை உண்டாக்கியது. வாந்தி எடுத்துவிட்டு, அதே வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து இவர் கண் கலங்கினார். தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது.

ஒரு கோடைக்காலத்தில், ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் பகல் முழுக்க ஓடும் போட்டி வைத்தார்கள். விடியலில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை, யார் அதிக தூரம் ஓடுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. நான் வேலைக்குப் போய்விட்டேன். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தபோது இவர் கழுத்தில் மெடலோடு தரையில் படுத்திருந்தார். தொடை இரண்டும் கல் மாதிரி இருந்தது. எழுந்து கழிவறைக்குப் போனவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மூத்திரம் பால் விடாத டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

தம்பி வண்டி எடுத்துவந்து அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். டாக்டர் வயதானவர், கோபக்காரர். தசை உடைந்து அந்தக் கழிவெல்லாம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். தண்ணீர் குறைந்த உடம்பில் ஓடும்போது ஏதாவது வலி மாத்திரை போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றார் இவர். யார் கொடுத்தது என்று நான் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இனிமேல் இந்த மாதிரி ஓட்டம் ஓடக் கூடாது, அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் சலைன் ஏற்றியதில் அந்தமுறை சிறுநீரகம் தப்பியது.

கோச் மருத்துவமனைக்கு ஆப்பிளோடு வந்தார். கட்டிலருகே நின்று என் கணவரோடு ஒரு செல்ஃபி எடுத்தார். அதைக் குழுவில் போட்டு, அசல் போராளி என்று எழுதினார். போராளியின் மூத்திரப் பையை மாற்றியது நான்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச காலம் அடங்கியிருந்தார். பிறகு முதல் ஷிப்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பினார். துவைக்கப் போட்ட சட்டையில் முதுகு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நின்றால் முதுகில் அப்படிப் பூக்காது. கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். ஆமாம், என்ன இப்போ என்றார்.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வடக்கே பாலைவனத்தில் நூறு மைல் ஓட்டம். அதை முடித்தால் வெளிநாட்டு ஓட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாமாம். ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். மருத்துவச் சான்றிதழும் எங்கிருந்தோ வாங்கிவிட்டார். பந்தய விதிப்படி ஒவ்வொருவரும் கூடவே ஓர் உதவியாளரை அழைத்துவர வேண்டும். அவர் ஜீப்பில் வந்து, குறிப்பிட்ட இடங்களில் தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். வருவதாக இருந்த நண்பர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். நீ வருவாயா என்று இவர் என்னிடம் கேட்டார்.

நான் கத்தினேன். இரண்டு நாள் சமைக்கவில்லை. மகளை விட்டுப் பேசச் சொன்னேன். அவள் அப்பாவிடம் பேசிவிட்டு, அவர் இவ்வளவு ஆசைப்படுகிறாரே அம்மா என்று எனக்கே புத்தி சொன்னாள். தம்பியிடம் போய் அழுதேன். அவன் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இப்ப இன்னா, நீ போவலன்னா மாமா போவாம இருந்துடுவாரா?"

மாட்டார் என்றேன்.

"அப்ப நீ கூட போ. அந்தக் கோச்சு ஆளு எவனாவது கூட போனான்னா, கைதட்டிக்கினே சாவடிச்சுருவான்."

அதனால் போனேன். உற்சாகப்படுத்தப் போகவில்லை. இதை ரயில் ஏறும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். அவருக்கு ஜீப்பில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

அந்த ஊரில் மணலும் முள்செடியும் நடுவில் போகிற ஒற்றைத் தார்ச்சாலையும்தான். பந்தயம் மதியத்தில் தொடங்கி மறுநாள் மாலைக்குள் முடிய வேண்டும். எனக்குக் கிடைத்த ஜீப்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. கை ஜாடையிலேயே ஓட்டினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐஸ் பெட்டியில் துண்டை நனைத்து அவர் கழுத்தில் போட்டேன். உப்புத் தொட்டு வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையில் வைத்தேன். ஷூவைக் கழற்றிக் கொப்புளங்களை ஊசியால் உடைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். மற்ற ஜீப்களில் வந்தவர்கள் மணி அடித்தார்கள், கைதட்டினார்கள், சூப்பர் சூப்பர் என்று கூவினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் என்னிடம் வந்து, ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுங்கள், அவர்களுக்கு அதுதான் சாப்பாடு என்று இங்கிலீஷில் சொன்னாள். உருளைக்கிழங்கு கொடுத்திருக்கிறேன் என்றேன்.

ராத்திரி எப்படியோ போனது. மறுநாள் வெயில் ஏறியபோது அவர் ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவந்தார். பாரம் ஏற்றிய சைக்கிளை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வருகிறவர் மாதிரி இருந்தது. என்னிடம் வந்து, நம் பிளாக் தண்ணீர்த் தொட்டி இங்கே ஏன் நிற்கிறது என்று கேட்டார். அவர் காட்டிய பக்கம் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழ முடியாது என்றார்.

ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கப் போனார். விழுந்துவிடுவாரோ என்று தண்ணீர்ப் பாட்டிலோடு நானும் பின்னாலேயே போனேன். மணலில் அதைப் பார்த்தேன். அதே டிக்காஷன் நிறம், அதைவிடக் கறுப்பு. நான் வந்ததைக் கவனிக்காமல் அவர் ஷூ முனையால் மணலைத் தள்ளி அதை மூடினார். நிதானமாக, ஓரமெல்லாம் சேர்த்து மூடினார். தண்ணீர்த் தொட்டியைக் கண்ட அதே மனுஷனுக்கு இதை மறைக்க வேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டாக்டர்ட்ட எதுவும் சொல்லிராத" என்றார். "அடுத்த செக்கப்பைத் தாண்டிட்டா முடிச்சிருவேன். உன் கால்ல விழுதேன்."

அவர் அப்பா பேசுகிற மாதிரி திருநெல்வேலிப் பேச்சில் பேசினார். சாதாரணமாக அவருக்கு அந்தப் பேச்சு வராது. நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் நடக்கத் தொடங்கினார். நான் ஜீப்பில் ஏறி, மாற்றுச் சாக்ஸ் எடுத்து வைக்கலாம் என்று அவர் பையைத் திறந்தேன். சாக்ஸ் சுருளுக்குள் வலி மாத்திரை அட்டை இருந்தது. பாதிக்கு மேல் காலி. மேலே ஒரு துண்டுத் தாளில், எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை என்று எழுதி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அது என் கணவர் கையெழுத்து இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் பந்தயத்தின் மருத்துவக் கூடாரம் இருந்தது. டாக்டர் கேரளாப் பெண், தமிழ் புரியும். என் கணவர் வந்து சேர்வதற்குள் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் நிறுத்துவது அவருக்குத் தெரிய வேண்டும் என்றே நினைத்தேன்.

வந்தார். எடை பார்த்தார்கள். சிறுநீர் என்ன நிறம் என்று டாக்டர் கேட்டாள். மஞ்சள் என்றார், சிரித்துக்கொண்டே.

"பொய் சொல்றாரு டாக்டர்" என்றேன். "கறுப்பா போவுது. நான் பார்த்தேன். போன வாட்டியே கிட்னி அடைச்சிக்கிச்சு. இந்த மாத்திரைய வேற போட்டிருக்காரு."

அட்டையை மேசைமேல் வைத்தேன். டாக்டர் அதையும் அவரையும் பார்த்தாள். பரிசோதிக்கக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொன்னாள். வரவில்லை என்றார். காத்திருக்கிறேன் என்றாள். தான் போக வேண்டும், நேரம் ஆகிறது என்றார். அவள் சின்னப் பெண்தான், ஆனால் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் மார்பில் குத்தியிருந்த எண் அட்டையின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

அவர் மணலில் உட்கார்ந்தார். நான் கிட்டே போனேன்.

"எதுக்குடி வந்த நீ?"

"இதுக்குத்தான் வந்தேன்."

அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை எங்களுக்குள் பேச்சு இல்லை.

பக்கத்து நகரத்து மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. பாஷை தெரியாத ஊரில், அந்த அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவள் கேட்டது, அப்பா முடித்தாரா என்றுதான். போனை வைத்துவிட்டேன். அவள் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். தம்பி விமானத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் நான் பல் தேய்த்தேன்.

ஊருக்கு வந்த பிறகு அம்பத்தூர் டாக்டர் அறிக்கைகளைப் பார்த்தார். சிறுநீரகம் முழுசாகப் பழையபடி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அதே வாரத்தில் குழுவில் கோச் ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். அதை என் கணவர் ஹாலில் படுத்தபடி சத்தமாகவே கேட்டார், எனக்குக் கேட்க வேண்டுமென்றே. இலக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தபோது, உதவிக்கு வந்தவரே காலை வாரிவிட்டார். சரியான உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது எல்லாருக்கும் ஒரு பாடம் என்று அதில் சொன்னார். பெயர் சொல்லாமல் என்னைப் பாடமாக்கி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் நேரத்துக்குப் போனேன். பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே அவர்கள் கூடுகிற இடம் எனக்குத் தெரியும். தம்பிதான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். தானும் வந்தால் கைகலப்பாகிவிடும் என்று அவனுக்கே பயம். "நீ பேசிட்டு வா, நா வண்டியாண்டயே கீறேன்" என்றான்.

கோச் ஒரு தூணில் காலை ஊன்றி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அந்தப் பச்சை பனியன்கள். என்னைப் பார்த்ததும் வாங்க மேடம், சார் எப்படி இருக்கார் என்று சிரித்தார். மாத்திரையை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எல்லா ஓட்டக்காரர்களும் கையில் வைத்திருப்பார்கள், போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம் என்றார். டாக்டர் கூடாது என்று சொன்னது தெரியுமா, தெரியாதா என்றேன். அவர் காலைக் கீழே இறக்கினார்.

"அவரோட லிமிட் என்னன்னு அவர்தான் மேடம் தெரிஞ்சுக்கணும். அது அவரோட கனவு. நீங்க அதை மதிச்சிருக்கணும்."

"கனவு அவரோடது, கிட்னி அவரோடது. டயாலிசிஸ் ரூம் வாசல்ல உக்காந்துகினு இருந்தது நான். அன்னிக்கி நீ எங்க இருந்த?"

நீ என்றுதான் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். இதைப் பேச இது இடமில்லை என்றார் அவர். பிறகு கையைத் தட்டி, கிளம்பலாம் என்றார். எல்லாரும் ஓடிப்போனார்கள். ஒரு பெண் மட்டும் ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி பின்தங்கினாள். சிறுநீர் நிறம் மாறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கணவனும் அந்தக் கும்பலில் இருந்தான். ஆமாம், தாமதிக்காதே என்றேன். தலையாட்டிவிட்டு அவளும் ஓடினாள்.

நான் அங்கே போன செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தினார். பாலைவனத்தில் கேட்காத வசவெல்லாம் அன்று கேட்டேன். நானும் சும்மா இருக்கவில்லை. மணலைத் தள்ளி மூடினீர்களே, அப்போது யாருக்குத் தெரியக் கூடாது என்று மூடினீர்கள், டாக்டருக்கா எனக்கா என்று கேட்டேன். கீழ் வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். இன்னும் அங்கேதான் படுக்கிறார்.

இப்போது எந்த டாக்டரும் அவருக்குச் சான்றிதழ் தருவதில்லை. நானே எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். நான் அப்படிச் செய்யவில்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாலே யாரும் தரமாட்டார்கள். ஓட முடியாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறார். நசரத்பேட்டைக்கு முன்னால் சர்வீஸ் சாலையில் ஒரு மேசை போட்டு, தர்பூசணித் துண்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருமுறை அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஓடிவந்த ஒருவன் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவன் முதுகைத் தட்டி ஏதோ சொன்னார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. கோச் அந்த மேசை ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவரிடம் இவர் சிரித்துப் பேசுகிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம். கேஸ் தீர்ந்தது, மகள் பேசினாள், தண்ணீர் வரவில்லை என்கிற அளவுக்கு. உப்புக் குறைத்துச் சமைக்கிறேன். குறை சொல்லாமல் சாப்பிடுகிறார். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ மட்டும் சும்மா இருந்திருந்தா, அன்னிக்கு நான் முடிச்சிருப்பேன்."

"முடிச்சிருப்பீங்க" என்றேன். "அதோட நீங்களும் முடிஞ்சிருப்பீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. என்னிடமும் இல்லை. பிறகு தட்டை என் பக்கம் தள்ளி மோர் கேட்டார். ஊற்றினேன்.